பேனல் பெட்டிக்குள் ஒரு கணக்குக் கச்சேரி

தலையைக் குனிஞ்சு வாங்க, ஷட்டர் பாதிதான் ஏறும். செருப்பைக் கழற்ற வேண்டாம். தரையெல்லாம் ஒயர் துணுக்கு, காலில் ஏறிவிடும். மணலி புதுநகரில், கன்டெய்னர் லாரிகள் அலறும் டி.பி.பி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை. அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் மோட்டார் பேனல் செய்கிற இடம். மேல்தொட்டி காலியானால் மோட்டாரைப் போட்டு, நிரம்பினால் அணைக்கிற சாம்பல் நிறப் பெட்டி ஒன்று மாடிப்படிக்குக் கீழே இருக்குமே, அது பிறக்கும் இடம். ‘பாருங்க, ஆனா எதையும் தொடாதீங்க’ என்று உத்தரவு கிடைத்துவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!

முதலில் குப்பையை ரசித்துவிடுவோம். மோட்டாருக்குக் கரண்டை விட்டு வெட்டுகிற கான்டாக்டர்கள் பிஸ்கட் டின்னில். ரிலேக்கள் பழைய இனிப்புப் பெட்டியில். ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று நான்கு பேர் தேடுகிறார்கள், அது தேடுபவர் காதின் மேல் இருக்கிறது. சுவர்க் காலண்டரில் தேதிகளைக் காணோம். அவற்றின் மேல் வர வேண்டிய பாக்கித் தொகைகள். உதவிக்கு இருக்கும் பையன் ஃபெரூல் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஒயர் நுனியில் எண் போட்ட குட்டி வளையம் இருக்கும், அதுதான் ஃபெரூல். ஆறைத் தலைகீழாக மாட்டி ஒன்பதாக்கிவிட்டான் போல. “ஏன்டா, கரண்டுக்குப் படிக்கத் தெரியாதுன்னு தைரியமா?” என்று பட்டறை அண்ணன் கேட்க, மொத்தக் கூட்டமும் சிரிக்கிறது. மின்விசிறி சுற்றுகிறது என்றுதான் பெயர். எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டியிருக்கிறது.

மூலையில், கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் பெண் அண்ணனின் அக்கா மகள். பொறியியல் மேற்படிப்பு. அவள் படிப்பது ஹைபிரிட் சிஸ்டங்களின் கணிதம். காரைப் பற்றியது இல்லை! இரண்டு குணம் கலந்த எல்லா அமைப்புக்கும் அதுதான் பெயர். தொட்டித் தண்ணீர் வழவழவென்று ஏறி இறங்கும். மோட்டார் ‘டக்’கென்று ஓடும், ‘டக்’கென்று நிற்கும். ஒன்று ஓட்டம், மற்றது தாவல். விமானத்தின் தானியங்கியிலும் ஆலைகளின் வால்வுகளிலும் இந்தக் கலவைதான். இங்கே அதற்குக் கிடைத்த மேடை, ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்.

டிரம்மில் தண்ணீர், தண்ணீரில் மிதக்கும் ஃப்ளோட் ஸ்விட்ச், அதிலிருந்து பேனலுக்கு ஒயர். பையன் முழங்கை வரை கையை விட்டு அலை கிளப்புகிறான். மிதவை ஆடுகிறது, கான்டாக்டர் ‘டகடகடகடக’வென்று துடிக்கிறது. வெட்டுக்கிளி உள்ளே புகுந்த மாதிரி ஒரு சத்தம்! “நிறுத்துடா, காயில் போயிரும்!” என்று கத்தியபடியே அண்ணன் ஓடி வந்து டைமரைத் திருகுகிறார். மிதவை சொன்னவுடனே கேட்காதே, கொஞ்சம் பொறுத்துக் கேள் என்று பேனலுக்குச் சொல்கிற குமிழ் அது. மறுபடி அலை. இந்த முறை சத்தமே இல்லை. அண்ணன் முகத்தில் அப்படியொரு பெருமிதம்.

“எவ்ளோ மாமா வெச்சீங்க?”

“ஒரு குத்துமதிப்பா வெச்சேன்.”

அவ்வளவுதான், மருமகள் எழுந்துவிட்டாள். பெயின்ட் அடிக்காத ஒரு தகரக் கதவு கரும்பலகை ஆகிறது. அவள் சாக்பீஸால் எழுதுவது இந்தத் துறையின் பாலபாடம். ராஜீவ் அலூர், தாமஸ் ஹென்சிங்கர், ஜோசப் சிஃபாகிஸ் உட்பட ஒன்பது பேர் சேர்ந்து 1995-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வரும் தண்ணீர்த் தொட்டி. மோட்டார் ஓடினால் மட்டம் விநாடிக்கு 1 அங்குலம் ஏறும். நின்றால் விநாடிக்கு 2 அங்குலம் இறங்கும். உத்தரவு போட்டால் மோட்டார் கேட்பது 2 விநாடி கழித்து. மட்டம் 1-க்குக் கீழே போகவும் கூடாது, 12-ஐத் தாண்டவும் கூடாது.

10-ல் ‘நில்’ என்கிறோம். அது நிற்பதற்குள் 12. இறங்கி 5-க்கு வரும்போது ‘ஓடு’ என்கிறோம். ஓடத் தொடங்குவதற்குள் 4 அங்குலம் போய்விடும். மிச்சம் சரியாக 1. இரண்டு பக்கமும் எல்லையைத் தொட்டு, தாண்டாமல் திரும்புகிறது. கைதட்டத் தோன்றியது எனக்கு.

“அக்கா, மூணு செகண்டு வெச்சா?” என்கிறான் பையன்.

மேலே 13, தொட்டி வழியும். கீழே 5-லிருந்து 6 போக, மைனஸ் ஒன்று. “மைனஸா? தொட்டிக்குக் கீழ ஏதுக்கா தண்ணி?” தண்ணீர் இல்லை தம்பி, மூன்றாம் மாடியில் தலையில் சோப்பு நுரையோடு ஒருவர் நிற்கிறார்! சரி, கோடுகளை மாற்றுவோம்: 9-ல் நில், 7-ல் ஓடு. தப்பித்தோம். நான்கு விநாடி? 8-ல் நில், 9-ல் ஓடு என்று வருகிறது. நிறுத்துகிற கோடு கீழே, ஓட்டுகிற கோடு மேலே! அண்ணன் தகரத்தையே முறைத்துப் பார்க்கிறார். மட்டத்தை மட்டும் பார்த்து உத்தரவு போடுகிற பேனலுக்கு இந்த இரண்டு கோட்டு வித்தை இனி உதவாது. அலைக்குப் பயந்தால் தாமதத்தைக் கூட்ட வேண்டும், வழிவதற்குப் பயந்தால் குறைக்க வேண்டும். குத்துமதிப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி.

தகரக் கதவு வரை எல்லாம் சுலபம். நிஜத்தில் தாமதம் சரியாக இரண்டு விநாடி என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? ஒரு நாள் ஒன்றரை, ஒரு நாள் இரண்டு. காலை ஆறு மணிக்கு எல்லாக் குழாயும் திறந்திருக்கும், மதியம் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு சாத்தியத்தையும் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தால் அடுத்த பிறவியிலும் முடியாது. அதனால் கணிதக்காரர்கள் எல்லாச் சாத்தியங்களையும் ஒரே கும்பலாக நகர்த்துகிறார்கள். இந்த ஊர் அய்யா கோயில் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒவ்வொருவர் எங்கே போகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. சுற்றி ஒரு கயிறு பிடித்து, கயிற்றோடு கூட்டத்தை நகர்த்துகிறார்கள். கயிறு ஓரத்துக் கடையைத் தொடவில்லையா, அப்படியானால் உள்ளே இருக்கும் எவர் கையும் கடையைத் தொடவில்லை. கயிறு தொட்டுவிட்டால் மட்டும் குழப்பம்: நிஜமாகவே ஆள் மோதினாரா, இல்லை கயிறுதான் தளர்வா? கயிற்றை இறுக்கிப் பிடிப்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பு போகிறது. ஹென்சிங்கர் குழுவின் ஹைடெக், பிரான்ஸில் 2011-ல் வந்த ஸ்பேஸ்எக்ஸ் (ராக்கெட் கம்பெனி இல்லை, எழுத்து வேறு!) எல்லாம் கயிறு பிடிக்கிற மென்பொருள்கள்தான். மருமகளின் திரையில் கயிற்றுக்குப் பதில் நீலப் பலகோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கின்றன. பையன் வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்க்கிறான்.

“அப்ப எந்த சிஸ்டம் குடுத்தாலும் இது சொல்லிடுமா?” என்று நான் ஆசையாகக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள். 1995-லேயே ஹென்சிங்கர், கோப்கே, பூரி, பிரவீன் வரையா நால்வரும் காட்டிவிட்டார்களாம்: விதிகளைக் கொஞ்சம் தாராளமாக்கினாலே போதும், எல்லா அமைப்புக்கும் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லும் வழிமுறை எதுவுமே இருக்க முடியாது. வேகமான கணினி வந்தாலும் முடியாது.

இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் வருகிறார்கள், எனக்குப் புல்லரித்த இடமும் இதுதான். 1989-ல் ஸ்பிக் உர நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளை, சி.எஸ். சேஷாத்ரி தலைமையில் தியாகராய நகரில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் 2005-ல் சிறுசேரிக்குக் குடிபோன சென்னை கணிதவியல் கழகம் அதுதான். தமிழக அரசின் டிட்கோவோடு சேர்ந்து மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையைக் கொண்டுவந்ததும் இதே ஸ்பிக்! உரக் காசில் வளர்ந்த அந்தக் கணித வீட்டில் பணியாற்றிவிட்டுச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் போனவர் பி.எஸ். தியாகராஜன். பகா எண்களைச் சோதிக்கும் வழியை 2002-ல் தன் மாணவர்களோடு கண்டுபிடித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால். இவர்கள் இருவரும் 2004-லும் 2005-லும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளின் நாயகன், சோம்பேறி ஹைபிரிட் ஆட்டோமேட்டா என்கிற கணித மாதிரி.

“சோம்பேறியா? என்னையா சொல்றீங்க?” என்கிறான் பையன்.

அந்த மாதிரியில் உணர்கருவி தாமதமாகத்தான் பார்க்கும், மோட்டார் தாமதமாகத்தான் கேட்கும், ஆனால் அந்தத் தாமதத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கட்டுப்படுத்தி குறித்த நேர இடைவெளியில் மட்டும் எட்டிப் பார்க்கும். அளவுகளும் ஓரளவு துல்லியத்துக்கு மேல் தெரியாது. இப்படி வைத்துக்கொண்டால் அமைப்பின் நடத்தை முழுவதையும் எண்ணி முடிக்கக்கூடிய நிலைகளுக்குள் அடக்கிவிடலாம் என்று காட்டினார்கள். கணினியால் தீர்ப்புச் சொல்ல முடியும். பட்டறையில் எல்லாரும் திட்டுகிற மந்தப் புத்தி, கணக்கில் நல்ல பிள்ளை ஆகிவிட்டது. அண்ணன் டைமரைத் தட்டிக் கொடுக்கிறார்.

திரையில் பலகோணங்கள் விழுவது நின்றது. மருமகள் ஒரு எண் சொன்னாள், அண்ணன் வைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. “பரவால்லியே, நானும் கிட்டத்துலதான் இருந்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பெயின்டில் டைமர் மேல் கோடு போட்டார், இதற்கு மேல் எவனும் திருகக் கூடாது என்று. “என்னதான் கம்ப்யூட்டர் ஓகே சொன்னாலும், சைட்ல மாட்டிட்டு ஒரு ரெண்டு தடவ தொட்டி ரொம்புறத நின்னு பாத்துட்டுதான் வருவேன்” என்றார். “பாருங்க மாமா. நான் எழுதினது என் தொட்டிக்கு. அவங்க தொட்டில ஓட்டை இருந்தா கணக்குல வராது” என்றாள் அவள். எனக்கு இருவர் பேச்சும் சரியாகப் பட்டது.

போன் அடிக்கிறது. குடியிருப்புச் செயலாளர். காலையிலிருந்து பேனலுக்காக வாசலில் நிற்கிறாராம். “கிளம்பிட்டோம் சார், ரோட்டுலதான் இருக்கோம்!” என்கிறார் அண்ணன், இன்னும் கதவே மாட்டாத பெட்டியைப் பார்த்தபடி. கதவு முழுக்க அங்குலக் கணக்கு. பையன் ஈரத் துணியோடு அதைத் துடைக்க ஓடுகிறான், “டேய் இரு, போட்டோ எடுத்துக்கறேன்!” என்று மருமகள் அவன் பின்னால்.