உங்களுக்குத் தெரியுமா? கம்பி நகைக்கு ஏற்ற உலோகம்

கம்பி வளைத்து நகை செய்யப் பழகுகிறவர்கள் செம்பில் தொடங்குவதே நல்லது. விலை குறைவு என்பது மட்டும் காரணமல்ல. செம்பு சொன்னபடி வளையும். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் விறைத்துக்கொண்டு, கடைசியில் பட்டென்று முறிந்துவிடும். விறைத்த கம்பியை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கினால் பழையபடி இளகும். சூட்டோடு தண்ணீரில் முக்கினாலும் அந்த இளக்கம் போகாது. எஃகாக இருந்தால் இறுகிவிடும்.

காதில் மாட்டும் கொக்கிக்கு இந்த விறைப்புதான் வேண்டும். வளைத்து முடித்ததும் இரும்புக் கட்டைமேல் வைத்து, நைலான் சுத்தியலால் மெதுவாக நாலு தட்டு தட்டுங்கள். வடிவம் குலையாமல் நிற்கும். சுத்த வெள்ளி இதற்கு ரொம்ப மென்மை. அதனால்தான் 92.5 சதவீத வெள்ளியோடு பெரும்பாலும் செம்பு கலந்த ஸ்டெர்லிங் கம்பியை வாங்குகிறார்கள். கனம் 20 கேஜ், அதாவது சுமார் 0.8 மி.மீ. இருந்தால் போதும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது நிக்கலைத்தான். கடைகளில் விற்கும் ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவே. நிக்கல் ஒவ்வாதவர்களுக்குக் காது அரித்துப் புண்ணாகும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. அப்படிப்பட்ட காதுகளுக்கு நயோபியம் கம்பி நல்ல துணை. அதில் தெரியும் நீலமும் ஊதாவும் சாயமல்ல. மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பில் உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம் காட்டும் நிறம்.