பட்டறைகளின் பேட்டை (9): இருபது டிகிரி அறை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பிறந்த கதையைச் சென்ற வாரத்தோடு சொல்லி முடித்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும். சிறு தொழிற்கூடங்களுக்குப் பெரிய கம்பெனிகள் வைக்கும் பாக்கியை வசூலிப்பதில் உற்பத்தியாளர் சங்கம் எவ்வாறு துணை நிற்கிறது என்பதை இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்ததும் நினைவிலிருக்கிறது. ஆனால், கட்டுரை எங்கே என்று பத்திரிகை அலுவலகத்திலிருந்து மூன்றாவது முறையாக டெலிபோன் ஒலிக்கும் இத்தருணத்தில் என் மேஜையின்மேல் விரிந்து கிடப்பவை பாக்கியைப் பற்றிய குறிப்புகள் அல்ல, உஷ்ணத்தைப் பற்றியவை. ஆதலால் உஷ்ணத்திலிருந்தே தொடங்குகிறேன். பாக்கிக்காரர்கள் இன்னும் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கலாம்.

ஓர் இயந்திர உறுப்பின் நீளம் இவ்வளவு என்று வரைபடத்தில் எழுதினால், அந்த உறுப்பு 20 டிகிரி செல்சியஸ் உஷ்ணநிலையில் இருக்கும்போது உள்ள நீளம் அது என்றே உலகத் தொழில்துறை முழுவதும் பொருள் கொள்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மீட்டரைப் பனிக்கட்டி உருகும் 0 டிகிரியில் வைத்து நிர்ணயித்தார்கள். ஆங்கிலேயர்கள் தங்கள் கஜத்தை 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அளந்தார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட பட்டறைக்காரர்களின் சங்கடத்தை 1931-இல்தான் சர்வதேச அளவைக் கமிட்டி 20 டிகிரி என்று முடிவு கட்டித் தீர்த்துவைத்தது. பிற்பாடு ஐ.எஸ்.ஓ. என்னும் தரநிர்ணய ஸ்தாபனம் ஏற்பட்டபின், அது 1951-இல் தன் முதல் வெளியீடாக, ஒன்று என்றே எண்ணிட்டுப் பிரசுரித்ததும் இந்த ஒரு விதியைத்தான். எஸ்டேட்டில் கேட்டுக்குக் கேட் தொங்கும் 'ஐ.எஸ்.ஓ. 9001' பலகைகளைக் காணுந்தோறும் அந்த வம்சத்தின் மூத்த பிள்ளையான இந்தச் சின்னஞ்சிறு விதி இனி ஞாபகத்துக்கு வராமல் இராது.

இருபது டிகிரியை நிர்ணயித்த பெரியவர்கள் சித்திரை மாதத்தில் எங்கள் பக்கத்துச் சேக்காட்டைக் கண்டவர்கள் அல்லர். சி.டி.எச். ரோட்டின் தார் இளகி, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே லேத் ஓட்டுகிறவனின் சட்டை பத்து மணிக்கே முதுகோடு ஒட்டிக்கொள்ளும் நாள்களில் பட்டறையின் உள்ளே 40 டிகிரி என்பது சாதாரணம். நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் துண்டு ஒன்று அந்தச் சூட்டில் ஏறத்தாழ 23 மைக்ரான் நீண்டுவிடுகிறது. அதே நீளமுள்ள அலுமினியத் துண்டோ 46 மைக்ரான் நீள்கிறது. எஃகை எஃகு மைக்ரோமீட்டரால் அளக்கும்போது இரண்டும் சேர்ந்தே நீள்வதால் பிழை பெரும்பாலும் கழிந்துபோகும். அலுமினிய வார்ப்பை அளக்கும்போது கழியாது. பாடிப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்களின் கைகளிலே புரளுவது அலுமினியமும் அல்லவா? பத்து மைக்ரான் தவறினாலும் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பியனுப்பும் உறுப்புகளும் அவற்றில் உண்டு. தொழிலாளியின் கை பிசகவில்லை, கருவியும் பிசகவில்லை, பிசகியது சூரிய பகவானின் கருணை மிகுதிதான் என்றால் கொள்முதல் அதிகாரி ஒப்புக்கொள்வாரா?

ஆகவே அளவெடுக்கும் கூடங்களிலே குளிரூட்டிய தனி அறை ஒன்று இருக்கும். அதனுள்ளே, கருங்கல் மேடையின்மேல் மெல்ல நகர்ந்து, செந்நிறக் கல்மணி பதித்த நுனியால் உறுப்பைத் தொட்டுத் தொட்டு அளக்கும் 'சி.எம்.எம்.' என்ற யந்திரம் நிற்கும். கோணியில் சுற்றிய வார்ப்பை ஸ்கூட்டரில் வைத்து எடுத்துவரும் பையனிடம் அந்த அறைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை, "வெச்சுட்டுப் போ தம்பி, ஸோக் ஆகட்டும், சாயங்காலம் வா" என்பது. "அண்ணே, நாலு மணிக்கு லாரி கிளம்பிடும்ணே" என்று அவன் மன்றாடினாலும், உலோகம் அறையின் குளிர்ச்சியை முற்றாகப் பெறும் வரை அவர் அதைத் தொடமாட்டார். அவசரத்துக்கு இணங்காத இத்தகைய மனிதர்கள்பால் எனக்கு உள்ள மரியாதை மிகப் பெரிது.

அந்த யந்திரத்தையும் அறையையும், அல்லும் பகலும் ஓடவேண்டிய குளிர்சாதனத்தையும், ஆண்டுதோறும் அளவு சரிபார்த்து வாங்கும் அத்தாட்சிப் பத்திரத்தையும் நான்கு லேத் வைத்திருக்கும் ஒருவர் தனியே ஏற்பது இயலாத காரியம். மாதத்தில் சில மணி நேர உபயோகத்துக்காக ஏற்பது புத்திசாலித்தனமும் அன்று. கல்யாண வீட்டுக்கு வேண்டிய அண்டாவை ஊர்ப் பொதுவில் வாங்கிவைக்கும் நம் கிராமத்து வழக்கமே இதற்குப் பரிகாரம். வர்த்தக சபை, உற்பத்தியாளர் சங்கம் முதலியவை பிரதேச அபிவிருத்திக்கு என்ன செய்கின்றன என்று கேட்போருக்கு, மாநாட்டுத் தீர்மானங்களைக் காட்டிலும் பொதுவில் அமைக்கும் இத்தகைய அறையைக் காட்டுவதே தகும் என்பது என் துணிபு.

தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்துகொள்ளும் இவ்வேட்கை புதியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபார உரிமையை 1833-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தவுடன், தனி வர்த்தகர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள நேர்ந்தது. கல்கத்தாவில் 1834-லும், பம்பாயில் 1836 செப்டம்பர் 22-லும், சென்னையில் அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து 29-லும் வர்த்தக சபைகள் தோன்றின. ரயிலும் தந்தியும் இல்லாத நாளில், ஒரு வாரத்து இடைவெளியில்! கப்பல் சரக்கை அலைகளுக்கு நடுவே மசூலாப் படகில் ஏற்றிப் பாதியை நனைத்துக் கரைசேர்த்த சென்னை வியாபாரிகள், கடலுக்குள் நீண்டு செல்லும் ஓர் இறங்குதுறை வேண்டுமென்று நெடுநாள் கோரிவந்தார்கள். 1861-இல் 1,100 அடி நீளத்தில் அது எழுந்தது. பணம் படைத்த எந்தத் தனி வியாபாரியும் தனக்கென்று கட்டிக்கொள்ளக்கூடியதா அது?

சென்னைச் சபையின் முதல் தலைவர் ஓர் ஆர்பத்நாட் என்பதும், அப்பெயர் தாங்கிய வங்கி 1906 அக்டோபரில் திவாலாகி ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பை விழுங்கியதும், அந்த அடியின் விளைவாக மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்ததும் தனிக் கட்டுரைக்கு உரியவை. வெள்ளைக்கார வர்த்தகர்கள் கோலோச்சிய சபையில் தங்கள் குரல் ஏறாதென்று கண்ட இந்திய வர்த்தகர்கள் 1909-இல் பிட்டி தியாகராய செட்டியாரைத் தலைவராகக் கொண்டு தென்னிந்திய வர்த்தக சபையை ஸ்தாபித்தார்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

நமது பக்கத்துக்கு வருவோம். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அம்பத்தூர் எஸ்டேட்டின் உற்பத்தியாளர் சங்கம், 'ஐமா' என்று எல்லாரும் சொல்லும் அது, தனக்கென ஒரு தொழில்நுட்ப மையத்தை ஏற்படுத்தியிருப்பதோடு, நந்தம்பாக்கத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை 'ஆக்மி' என்ற யந்திரக் கண்காட்சியையும் நடத்துகிறது. அயல்நாடு சென்று யந்திரம் பார்த்துவர வசதியற்ற சிறு முதலாளி, மாநகரப் பஸ்ஸில் போய்ப் பார்த்துத் திரும்பலாம். இருபது டிகிரி அறை போன்றவற்றைக் கொண்ட பொது வசதி மையம் அமைப்பதற்கு அரசாங்க உதவியும் உண்டு. மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகளின்படி, குறைந்தது 20 தொழிற்கூடங்கள் சேர்ந்து ஒரு கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டால் செலவில் நூற்றுக்கு 70 பங்கு வரை மானியம் கிடைத்தது. எந்தத் தனி உறுப்பினரும் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக்கூடாது என்பது அதிலுள்ள அழகான நிபந்தனை. பெரிய மீன் குளத்தைத் தனதாக்கிக்கொள்ளும் என்பதை விதி எழுதியவர் அறிந்திருக்கிறார். மானியம் கிடைத்த பிறகு மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதில்தான் பல ஊர்களில் இத்தகைய மையங்கள் தடுமாறுகின்றன.

சங்கங்களை வானளாவப் புகழவும் நான் தயாராயில்லை. மந்திரிக்குப் பொன்னாடை, செயலாளருக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை என்று ஒரு மாலைப்பொழுதைக் கழித்துவிட்டு, கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்க மறக்கும் சங்கங்களைத் தமிழ்நாடெங்கும் காணலாம். ஆயினும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் எஸ்டேட்டின் தொழிற்கூடங்களுக்குள் நீர் புகுந்து மோட்டார்களும் கன்ட்ரோல் பேனல்களும் சேற்றில் ஊறிக்கிடந்தபோது, ஒரு பட்டறைக்காரர் தம் வாசலுக்கு எதிரே மட்டும் வடிகால் வெட்டிக்கொண்டு பயனில்லை என்பதைச் சங்கத்துக்குச் சந்தா கட்டாதவர்களும் உணர்ந்திருப்பார்கள்.

பாக்கி விஷயத்துக்கு இடம் போதவில்லை. சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாள்களுக்குள் பணம் தராத கம்பெனி, ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிட்டுத் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. கேட்டவனுக்கு அடுத்த ஆர்டர் வராது என்று அனுபவம் சொல்லுகிறது. காலத்தில் பணம் தராதவர்களுக்கு அந்தச் செலவின்மேல் அவ்வாண்டின் வரிச்சலுகை கிடையாது என்று 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியைக் கண்டு மகிழ்ந்தவர்களில் சிலரே, ஆர்டர் வேறு பக்கம் போய்விடுமோ என்று அஞ்சவும் செய்தார்கள். தனக்காகப் போடப்பட்ட வேலியைக் கண்டே ஆடு மிரண்ட அந்த விவகாரத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.