விளக்கு எரிந்தால் போதாது

ஆர்டுயினோ போர்டை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகியதும் அதன் விளக்கு எரிகிறது. ஆனால் நிரலை ஏற்றினால் ஏறுவதில்லை. திரையில் பிழைச் செய்திதான் வருகிறது. இந்த இடத்தில் மாணவர்கள் பலர் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டி, ரிச்சி தெருவில் புதிதாக ஒன்று வாங்கி வருகிறார்கள். இரண்டுமே கோளாறு எங்கே என்று பார்க்காமல் செய்யும் வைத்தியம். லேப்டாப்பில் புறப்படும் தகவல் மைக்ரோகண்ட்ரோலரைச் சேரும் முன் பல கை மாறுகிறது. எந்தக் கை வரை அது ஒழுங்காகப் போனது என்பதைப் பிழைச் செய்தியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதை நிதானமாகப் படித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்துப் போனால், டிரைவரையும் போர்டையும் தொடவேண்டிய அவசியமே பல சமயம் வராது என்பது என் வாதம்.

முதலில் அந்த விளக்கையே எடுத்துக்கொள்வோம். இந்தப் போர்டுகளுக்கு வரும் வழக்கமான யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கும்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் ஏற்றுவதற்கென்றே விற்கும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பிகளே கிடையாது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. போர்டுக்கு மின்சாரம் போகும், விளக்கும் எரியும். ஆகவே விளக்கு எரிவது மின்சாரத்துக்குத்தான் சாட்சி, இணைப்புக்கு அல்ல. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகிப் பாருங்கள். பட்டியலில் எந்த அசைவும் இல்லையென்றால் சந்தேகம் கேபிள் மீதும் செருகும் வாய் மீதும்தான் முதலில் விழவேண்டும். யுஎஸ்பி கருவி எதுவானாலும், இணைந்தவுடன் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கணினியிடம் சொல்லும். அதைக் கேட்டுக்கொள்ள அந்தக் கருவிக்கென்று தனி டிரைவர் வேண்டியதில்லை. டிரைவர் இல்லாவிட்டால் மஞ்சள் முக்கோணத்தோடு ஏதோ ஒரு பெயராவது பட்டியலில் வந்து நிற்கும். ஒன்றுமே வராதபோது டிரைவரை மாற்றி மாற்றி நிறுவுவது வீண் வேலை.

டிரைவர்மேல் பழி போடுவதில் நியாயமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு யுஎஸ்பி தெரியாது; நடுவில் இன்னொரு சிப் அதைச் சீரியலாக மாற்றித் தருகிறது. மலிவான நகல் போர்டுகளில் அது பெரும்பாலும் சிஎச்340. இஎஸ்பி32 போர்டுகள் பலவற்றில் சிபி2102. வேறு சிலவற்றில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி எஃப்டி232 சிப்களின் பொருள் எண்ணையே பூஜ்யமாக மாற்றிவிட்டது. நேற்றுவரை வேலை செய்த கருவிகளைக் கணினி மறுநாள் அடையாளம் காணவில்லை. உபுண்டு 22.04-இல் நடந்தது வேறு விதம். பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிகளுக்காக இருக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், சிஎச்340 சிப்பையும் அப்படியொரு கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண். அதனால் போர்ட் தோன்றிய வேகத்தில் மறைந்தது. (பொதுக் கணினியில் அந்த மென்பொருளை நீக்குமுன், அதை நம்பியிருப்பவர் யாராவது உண்டா என்று கேட்டுவிட வேண்டும்.) இந்த இரண்டு இடத்திலும் டிரைவரை மறுபடி நிறுவுவதால் மட்டும் தீர்வு கிடைத்திருக்காது. எண் மாறியிருப்பதையோ போர்ட் வந்து மறைவதையோ கவனித்தவருக்குத்தான் வழி தெரிந்தது.

போர்ட் பட்டியலில் நிலையாக நிற்கிறது, ஆனால் ‘அக்சஸ் டினைட்’ என்று வருகிறது என்றால் கேபிளும் டிரைவரும் தப்பித்தன. விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். வேறொரு ஜன்னலில் சீரியல் மானிட்டரை மூடாமல் விட்டிருப்பீர்கள். லினக்ஸில் இதே மாதிரி மறுப்பு வந்தால், உங்கள் பயனர் பெயர் ‘டயல்அவுட்’ குழுவில் இல்லாதது காரணமாக இருக்கலாம். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வரவேண்டும். ‘நாட் இன் சிங்க்’ என்பது இன்னும் ஒரு படி தள்ளி நடப்பது. லேப்டாப் போர்ட்டைத் திறந்து பேசிவிட்டது, பதில்தான் சரியாக வரவில்லை. 0, 1 என்ற பின்களில் ப்ளூடூத், ஜிபிஎஸ் போன்ற மாட்யூல் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்; நிரல் ஏறுவதும் அதே பாதையில்தான். நானோ போர்டு என்றால் பழைய பூட்லோடர் 57600 வேகத்திலும் புதியது 115200-லும் பேசும். மெனுவில் ‘ஓல்ட் பூட்லோடர்’ என்று மாற்றியதும் ஏறிவிடும் போர்டைப் பழுது என்று ஒதுக்குவது அநியாயம்.

திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாகக் குப்பை எழுத்து வந்தால் பதற வேண்டாம். தகவல் வந்து சேர்கிறது என்று அர்த்தம். 9600 வேகத்தில் ஒரு பிட் சுமார் 104 மைக்ரோ விநாடி நீடிக்கும். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்துப் பத்து பிட். பெறுபவர் தொடக்க பிட்டைக் கண்டதும் தன் கடிகாரத்தை வைத்து மற்றவற்றை எண்ணுகிறார். இருவர் வேகமும் 5 சதவீத அளவுக்கு விலகினாலே கடைசி பிட்டுக்குள் பாதி பிட் தவறிப்போய் எழுத்து கெட்டுவிடும். இஎஸ்பி8266 போர்டு மின்சாரம் வந்தவுடன் கொட்டும் குப்பையும் இப்படித்தான். அதன் உள்ளிருக்கும் நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் படிகம் என்று எண்ணி 115200-க்குக் கணக்குப் போடுகிறது. போர்டுகளில் இருப்பதோ பெரும்பாலும் 26 மெகாஹெர்ட்ஸ். அதனால் வேகம் 74880 ஆகிவிடுகிறது. மானிட்டரை அந்த வேகத்துக்கு மாற்றினால் அதே குப்பை தெளிவான வாசகமாக வரும்.

இவ்வளவு பார்ப்பதைவிட வேறு போர்டைச் செருகிப் பார்ப்பது சுலபம் என்பார்கள். ஆய்வகத்தில் உபரி இருந்தால் செய்யலாம்தான். ஆனால் போர்டையும் கேபிளையும் சேர்த்து மாற்றினால், வேலை நடந்தாலும் எதில் கோளாறு என்பது தெரியாமலே போகும். உபரி இல்லாதவருக்கு இரண்டு ஜம்பர் கம்பிகள் போதும். யூனோவில் மாட்டியவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு ஒரு கம்பியால் இணையுங்கள், மைக்ரோகண்ட்ரோலர் வாயடைத்துவிடும். இன்னொரு கம்பியால் 0, 1 பின்களை இணைத்து, சீரியல் மானிட்டரில் ஏதாவது தட்டி அனுப்புங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்து, அந்த இரண்டாவது கம்பியை எடுத்ததும் நின்றுவிட்டால், லேப்டாப், டிரைவர், கேபிள், நடுச் சிப் எல்லாம் சரி. மிச்சம் மைக்ரோகண்ட்ரோலரும் அதன் அமைப்புகளும்தான். திரும்பவில்லை என்றால் மைக்ரோகண்ட்ரோலர்மேல் இன்னும் குற்றம் சொல்ல முடியாது.

ஆய்வகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகவல் கம்பி இல்லாத கேபிள்களைப் பொறுக்கித் தனியே வையுங்கள். ‘பழுது’ என்று எழுதிப் பெட்டியில் போட்ட போர்டுகளை வெளியே எடுத்து, தூக்கி எறியுமுன் இந்தச் சோதனையை மாணவர்கள் கையாலேயே ஒருமுறை செய்யவிடுங்கள்.