ரொட்டிக்குப் பிஸ்கோத்து விழுது

பெல்ஜியம் தேசத்தில் காலையில் வேலைக்குப் புறப்படும் தொழிலாளி, வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே 'ஸ்பெகுலோஸ்' என்னும் பிஸ்கோத்தை வைத்துக் கட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். நடுப்பகலில் அவன் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, ரொட்டியின் ஈரத்தையும் வெண்ணெயின் பசையையும் உறிஞ்சிய அந்தப் பிஸ்கோத்து, தன் மொறுமொறுப்பை அறவே இழந்து, விரலால் வழிக்கலாம் போலக் குழைந்திருக்கும். தற்செயலாய் நேர்ந்த இந்தக் குழைவையே வேண்டிச் செய்து புட்டியில் அடைக்கலாம் என்ற யோசனை, 2007ஆம் வருஷத்தில் அங்கே நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வாயிலாகப் பிரசித்தி பெற்றது. 1932இல் லெம்பெகெ என்ற சிற்றூரில் தோன்றிய லோட்டஸ் நிறுவனம் அத்தகைய விழுதைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது.

ஸ்பெகுலோஸின் மூலம் டிசம்பர் 6ஆம் தேதி வரும் புனித நிக்கோலஸ் திருநாளுக்காகச் சுட்ட பட்சணம். இதன் ஒன்றுவிட்ட சகோதரமான ஹாலந்துப் பிஸ்கோத்தில் கிராம்பு, ஜாதிக்காய், ஏலம், சுக்கு எல்லாம் தாராளமாய் இருக்கும். பெல்ஜியத்துப் பிஸ்கோத்தோ காரமெல் வாசனையுள்ள பழுப்புச் சர்க்கரையையும் சிறிது லவங்கப்பட்டையையுமே நம்பி நிற்கிறது. என் நாக்குக்கு இந்தச் சிக்கனமே உசிதமாகப் படுகிறது.

வீட்டில் செய்வதற்கு 250 கிராம் பிஸ்கோத்தும், வாசனையற்ற எண்ணெய் சுமார் 100 மில்லிலிட்டரும், ஒரு சிட்டிகை உப்பும் போதும். பிஸ்கோத்தை ஈரமற்ற மிக்ஸி ஜாரில் இட்டு, மாவு போலாகும்வரை அரைத்துச் சலித்து, கப்பியை மறுபடி அரைத்துக்கொள்ள வேண்டும். நாக்கு ஏறக்குறைய 30 மைக்ரான் பருமனுள்ள துகளைக்கூட நறநறப்பாக உணர்ந்துவிடுமாதலால், இந்த இடத்தில் சோம்பல் கூடாது. பிறகு எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு ஓட்டினால், முதலில் ஈரமணல் போல் ஜாரின் சுவரில் அப்பிக்கொண்டு, வழித்துவிட வழித்துவிட உருண்டையாய்த் திரண்டு, ஒரு கட்டத்தில் மிக்ஸியின் கரகரத்த குரல் தணிந்து, பொடி பளபளவென்று சுழல ஆரம்பிக்கும். துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளையெல்லாம் எண்ணெய் நிரப்பி, மிச்சமானது அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லப் பயன்படும் தருணம் அது.

எண்ணெய்க்குப் பதில் பாலோ தண்ணீரோ விட்டால் என்ன என்று கேட்கலாம்; நான் விட்டுப் பார்த்திருக்கிறேன், கிடைத்தது கஞ்சி. சர்க்கரை நீரில் கரைந்து பாகாகிறது, மாவு நீரைக் குடித்து உப்புகிறது. எண்ணெயிலோ சர்க்கரை கரைவதே இல்லை. பால் சேர்த்தது குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாளில் கெடும். எண்ணெய் விழுதில் கிருமிகள் வளர்வதற்கு வேண்டிய ஈரம் இல்லாமையால் அது வெளியிலேயே வாரக்கணக்கில் இருக்கும். வெண்ணெயிலும் நூற்றுக்குப் பதினாறு பங்கு போல நீர் உண்டு. வெண்ணெய் வாசனைதான் வேண்டுமென்பவர்கள் அதை உருக்கி நெய்யாக்கி ஊற்றுவது உத்தமம். தேங்காயெண்ணெயும் ஆகும், ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து, விழுதைக் கட்டியாக்கிவிடும்.

சில நாள் கழித்து மேலே எண்ணெய் மிதந்தால் பதற வேண்டாம். உலர்ந்த கரண்டியால் அடிவரை கிளறிவிட்டால் மீண்டும் கூடிக்கொள்ளும்.