கூடாரத்துக்குக் கீழே ஓர் ஏரி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குக் கோடை விடுமுறை என்றால் ஏரிக்கரைதான். அங்கே மாகாணப் பூங்காக்களில் கூடாரம் போடும் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்யலாம். குடிநீர் குழாயில் வரும். பல பூங்காக்களில் கரவன் வண்டிக்கு மின்சாரம் கிடைக்கும், அதன் கழிவுத் தொட்டியை வெறுமையாக்கத் தனி இடமும் இருக்கும். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். அந்தப் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்கு, ஊர்காவற்றுறைக்கோ நெடுந்தீவுக்கோ வந்ததும், இங்கேயும் ஓரிரவு கூடாரத்தில் படுப்போமா என்று கேட்கிறார்கள். படுக்கலாம். ஆனால் இடம் பார்க்கும் முறை முற்றிலும் வேறு.

தீவுப்பகுதியில் ஆறு கிடையாது. மழைக்குளங்கள் உண்டு, கோடை ஏறினால் பல வற்றிவிடும். பார்வைக்கு ஏரிபோல விரிந்து கிடக்கும் பரவைக்கடல் முழுக்க உப்பு. இந்தத் தீவுகளின் உண்மையான ஏரி நிலத்துக்குள் இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மணலிலும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் இறங்கி, கீழே ஏற்கெனவே நிறைந்திருக்கும் கடல்நீரின் மேல் தங்குகிறது. ஒரு கன மீற்றர் நன்னீரின் எடை ஏறக்குறைய 1000 கிலோ. கடல்நீர் 1025 கிலோ. இந்த 25 கிலோ வித்தியாசந்தான் தீவாரின் குடிநீரைக் காப்பாற்றுகிறது. தம்ளரில் மிதக்கும் ஐஸ்கட்டியைப்போல நன்னீரின் பெரும்பகுதி அமிழ்ந்தும் சிறுபகுதி உயர்ந்தும் நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். நெதர்லாந்துப் பொறியியலாளர் கைபன் 1889இலும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே எழுதிய கணக்கு இது. இப்படி மிதக்கும் நீரை நன்னீர் வில்லை என்கிறார்கள்: நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு.

கணக்கின் மறுபக்கம் பயங்கரமானது. நீர்மட்டம் பத்து சென்றிமீற்றர் தாழ்ந்தால், காலப்போக்கில் கீழேயுள்ள உப்பு நான்கு மீற்றர் மேலேறும். சின்னத் தீவுகளில் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே சாண் கணக்கில்தான் நிற்கிறது. வில்லையின் ஆழமும் சில மீற்றர்தான். துலாவாலும் வாளியாலும் அள்ளிய காலத்தில் மேல்நீர் மெதுவாகக் குறைந்து மெதுவாக ஊறியது. மோட்டர் பூட்டி ஒரே மூச்சில் இறைத்தால் உப்பேறிக் கிணறு சவர் தட்டும். சவரேறிய கிணறு திரும்ப நன்னீராக ஒரு மாரி போதாமலும் போகலாம்.

ஆகவே கூடாரத்துக்கு இடம் தேடுகிறவர் கடலழகைப் பார்க்குமுன் கிணற்றைப் பார்க்க வேண்டும். கரையோரத்தில் வில்லை மெலிவு, தண்ணீர் சவர். கொஞ்சம் உள்ளே, மணல்மேடு உள்ள பக்கம் நல்லது. மணல் மழைநீரைப் பிடித்து வைக்கும், வெடித்த கல் சீக்கிரம் விட்டுவிடும். வேலணையின் சாட்டிக் கடற்கரையை நான் முதலில் சொல்வது இதனால்தான். மணலும் நல்ல தண்ணீரும் அருகருகே உள்ள இடம் அது. அந்தப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து தீவகத்தின் வேறு ஊர்களுக்கும் குடிநீர் போயிருக்கிறது. பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணத்திலிருந்து வாகனத்திலேயே போகலாம். காரைநகரின் கசூரினா கடற்கரைக்கும் தரைவழி உண்டு. கடல் ஆழமற்றது, சிறுபிள்ளைகளுக்கு ஏற்றது. கரவன் வண்டி வைத்திருப்பவர் இந்த இரண்டோடு நிற்பது நல்லது. வேலணையிலிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் வரை வீதி ஓடும். அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பயணிகள் படகுதான்.

எங்கே போனாலும் காணிக்காரரிடமும் பிரதேச சபையிலும் கேட்டுவிட்டே கூடாரம் அடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: “ஆவணியிலையும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறனியளோ அம்மா?” தை மாதத்தில் எந்தக் கிணறும் இனிக்கும். கோடைக் கடைசியிலும் குடிக்கக்கூடிய தண்ணீர்தான் நல்ல தண்ணீர். சவர் நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

காலத்தில் மாசியும் பங்குனியும் சிறந்தவை. மாரி முடிந்து வில்லை நிறைந்திருக்கும், வாடைக்காற்று தணிந்திருக்கும், சோளகக்காற்று தொடங்கியிராது. சோளகக் காலத்தில் கூடாரத்தின் வாசல் தென்மேற்கைப் பார்க்கக்கூடாது. மணல் உள்ளே வந்து விழும். நெடுந்தீவுப் படகும் கடல் கொந்தளித்தால் ஓடாது, அதனால் திரும்புவதற்கு ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாயோடு வருகிறவர்களுக்கு நெடுந்தீவு ஏற்றதல்ல என்பது என் முடிவு. போர்த்துக்கேய, ஒல்லாந்தக் காலங்களில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. கடும் கோடையில் தண்ணீரில்லாமல் அவை செத்த ஆண்டுகள் உண்டு. தண்ணீர் தேடி வரும் குதிரையை நாய் குரைத்துத் துரத்துவது அதன் உயிரோடு விளையாடுவது. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சாட்டியிலும் நாயைக் கயிற்றில் வைத்திருங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகளை விளையாட விடும் இடமும் முக்கியம். புங்குடுதீவிலும் வேலணையிலும் ஆளில்லாத வளவுகள் நிறைய. கட்டு இடிந்த கிணறுகள் பற்றைக்குள் மறைந்து கிடக்கும். இருட்ட முன்பே சுற்றிப் பார்த்து, போகக்கூடாத எல்லையைக் காட்டிவிடுங்கள்.

கழிவு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 30 மீற்றர் என்பது பொதுவான அளவு. வெடிப்புள்ள சுண்ணாம்புக் கல்லில் அதுவும் போதாது. இங்கே ஊற்றுகிற சவர்க்கார நீர் வடிகட்டப்படாமல் யாரோ ஒருவரின் குடத்துக்குப் போகக்கூடும். இருக்கிற மலசலகூடத்தையே பாவியுங்கள். கரவன் வண்டியின் கழிவுத் தொட்டியைத் தீவுப்பகுதியில் எங்கேயும் திறக்காதீர்கள்.

நெருக்கடிக் காலத்தில்கூட ஒருவருக்கு நாளுக்கு 15 லீற்றராவது வேண்டும் என்பது சர்வதேச நிவாரண அளவு. நான்கு பேருக்கு 60 லீற்றர், அதாவது 20 லீற்றர்க் கான் மூன்று. நாய்க்குக் கொஞ்சம் கூட. அதை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள். தீவுக் கிணற்றில் மோட்டர் போட்டு வண்டித் தொட்டியை நிரப்பாதீர்கள்.