ஊர் வாசலில் ஒரு பெயர்ப்பலகை

மழைநீர் தானாகத் தேங்கி நிற்கும் பள்ளநிலத்தை வில்லு என்கிறோம். வண்ணாத்திவில்லுவின் பெயரிலும், கலா ஓயாவுக்கு அப்பாலுள்ள வில்பத்துக் காட்டின் பெயரிலும் அந்த நீர்நிலையே இருக்கிறது. ஊர்ப்பெயர்தான் முன்னோர் எமக்கு விட்டுச் சென்ற முதற் பெயர்ப்பலகை எனலாம்.

இப்பொழுது பல ஊர்களின் வாசலில் வரவேற்பு வளைவுகள் எழுகின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இப்பகுதிகளில் குடியேறிய குடும்பங்களிடையேயும் இந்த ஆசை உண்டு. ஆனால் பலகையில் எந்தப் பெயரை எழுதுவது? விட்டு வந்த ஊரின் பெயரையா, இடம் தந்த ஊரின் பெயரையா?

முதலில் பழைய உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். இந்தியாவின் சாஞ்சியில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட கற்றோரணங்கள் இன்றும் நிற்கின்றன. தெற்குத் தோரணத்தின் ஒரு பகுதியைச் செதுக்கியவர்கள் விதிசா நகரத்து யானைத்தந்த வேலைக்காரர்கள் என்று அதிலேயே எழுதப்பட்டுள்ளது. உழைத்தவனின் பெயரும் அந்த வாசலில் நின்று நிலைத்தது.

அதே சாஞ்சித் தோரணத்தின் சாயலில் இந்திய அரசு கட்டிக் கொடுத்த வாசல் ஒன்று, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. பார்ப்பதற்கு அழகானது. ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் தந்தவை செங்கற் சூளைகள். அதை வளர்த்தவர்களில் ரயில் பாதையில் உழைத்த தமிழரும், இலங்கையிலிருந்து சென்று ரயில்வேயில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியோரும் அடங்குவர். சூளையும் தண்டவாளமும் தோரணத்தில் இல்லை. வெளியிலிருந்து வரும் கொடை எவ்வளவு பெரிதாயினும், எமது கதையை நாமே சொல்ல வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

எமது கதை என்ன? வில்லு நீர், செம்மண், மரமுந்திரிகை, கடலோர வலை, மன்னாருக்குச் செல்லும் பழைய வீதி. இவற்றோடு, இடம்பெயர்ந்தோர் கொண்டு வந்த உழவும் உண்டு. கொழும்பின் குப்பை அருவக்காட்டுக்கு வரத் தொடங்கிய பின்னர் நாட்டில் பலர் இப்பிரதேசத்தைக் குப்பையோடு சேர்த்தே பேசுகின்றனர். அவர்களுக்கு வேறொன்றைச் சொல்லவும் பலகை உதவும்.

பெயரைப் பற்றிய கேள்விக்கு, புத்தளத்தை அடுத்த நாகவில்லு ஒரு வழி காட்டுகிறது. மன்னார் எருக்கலம்பிட்டி மக்கள் அங்கே குடியேறினர். அவர்களுடைய பாடசாலை பழைய ஊரின் பெயரைச் சுமந்தது. ஊர் நாகவில்லுவாகவே இருந்தது. இரண்டு பெயரும் ஒன்றையொன்று தள்ளவில்லை. ஆகவே இடம் தந்தவர்களையும் அழைத்து, ஒரே பாயில் அமர்ந்து பேசி முடிவெடுப்பதே நல்லது. பேசாமல் நட்ட பலகை வேலியாகிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை சில. பிரதான வீதியாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், உள்வீதியாயின் பிரதேச சபையிடமும் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினால் வழிப்போக்கர் எவரும் வாசிப்பர். எழுத்துப் பிழையை அச்சிடுமுன்னரே திருத்துங்கள். வைக்கோல் ஏற்றிய லொறி தட்டாமல் போகுமளவு வளைவு உயர வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். யானை நடமாடும் இடத்தில் மெல்லிய தூண் நிற்காது. அது உரசினாலே சாய்ந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெயர்ப்பலகை காணி உறுதி ஆகாது. அரச காணியில் குடியிருப்போர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரத்தையோ அளிப்புப்பத்திரத்தையோ பெறுவதற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வளைவுக்குப் பணம் சேர்க்கும் ஊரில் எத்தனை வீட்டாரிடம் இப்பத்திரம் உண்டு என்று சங்கக் கூட்டத்தில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கிணறு தூர்ந்து கிடந்தால் முதலில் கிணற்றை இறைப்போம். மிஞ்சும் பணத்தில் ஒரு பலகையும் இரண்டு முதிரைக் கட்டையும் போதும். அதில் ஊரின் பெயரை எழுதி, கீழே சிரமதானத்துக்கு வந்த குடும்பங்கள் எத்தனை என்பதையும் பொறிப்போம். எமது பிள்ளைகள் நாளை அதனை வாசித்து, இந்த ஊரை யார் யார் சேர்ந்து ஆக்கினார்கள் என்று அறிந்துகொள்ளட்டும்.