இரத்தம் சொல்லும் குளிசைக் கணக்கு

மருந்து எழுதிக் கொடுத்த வைத்தியர் சில வாரங்களின் பின் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்போது, எம்மவர் பலரது மனதில் ஐயம் எழுகின்றது. நோய் முற்றிவிட்டதா? அகதி விண்ணப்பத்துடன் இதற்குத் தொடர்பு உண்டா? இரண்டும் இல்லை. மருந்து இரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்பதை அறிவதே இப்பரிசோதனையின் நோக்கம்.

எல்லா நித்திரைக் குளிசைகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. டயசிபாம் எடுப்போருக்கு வழமையாக இதனைச் செய்வதில்லை. ஆனால் வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் பினோபாபிற்றோனுக்கு இது பெரிதும் உதவுகின்றது. 1912 இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் 'லுமினல்' என்ற பெயரில் நித்திரை மருந்தாக இதனை விற்பனைக்கு விட்டது. வலிப்பையும் இது தடுக்கும் என அதே ஆண்டில் கண்டறியப்பட்டது. விலை குறைந்த இம்மருந்து இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது.

போதிய அளவுக்கும் மிகுந்த அளவுக்கும் இடையேயுள்ள தூரம் சிறியது என்பதே இம்மருந்தின் சிக்கல். பொதுவாக லீற்றருக்கு 15 முதல் 40 மில்லிகிராம் வரை ஏற்ற அளவாகக் கொள்ளப்படுகின்றது. குறைந்தால் வலிப்பு திரும்பலாம். கூடினால் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் நாக்குழறலும் தோன்றும். மிகக் கூடினால் மூச்சே தளரும். வல்புரோயேற்றுப் போன்ற வேறு மருந்து சேரும்போதும் அளவு உயரலாம்.

வளர்ந்தோரின் உடலில் இம்மருந்தின் பாதி கழிய ஏறத்தாழ நான்கு நாட்கள் செல்லும். எனவே குளிசையின் அளவை மாற்றினால், புதிய நிலை இரத்தத்தில் உறுதிப்படச் சுமார் மூன்று வாரங்கள் தேவை. வைத்தியர் காத்திருக்கச் சொல்வது இதனாலேயே.

நாடு மாறியோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜேர்மனியில் மில்லிகிராமில் 25 எனக் குறிக்கப்பட்ட அளவு, கனடாவில் மைக்கிரோமோல் கணக்கில் 108 ஆகத் தோன்றும். இரண்டும் ஒன்றே, அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது மறைப்புக்கே. ஒருவர் கிழமையில் இரண்டு மூன்று நாட்கள் குளிசையைத் தவறவிடுகின்றார் என்று கொள்வோம். அறிக்கையில் அளவு குறைந்திருக்கும். உண்மையை அறியாத வைத்தியர் குளிசையைக் கூட்டுவார். பின்னர் அவர் ஒழுங்காக எடுக்கத் தொடங்கினால், கூட்டிய அளவு முழுவதும் உடலிற் சேர்ந்து ஆபத்தாகும். ஏசுவார் என்றெண்ணி மறைத்த ஒரு சொல்லின் விலை இது.

ஆகவே, கடைசியாகக் குளிசை எடுத்த நேரம், தவறிய நாட்கள், ஊரிலிருந்து வந்த வேறு மருந்துகள் யாவற்றையும் சொல்லுங்கள். பெற்றோரின் நோயைப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்காது, மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வைத்தியரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே. குளிசையை மட்டும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிரையே பறிக்கலாம்.